கடைச் சுவரில் பறந்த பருந்து

கண்ணாடியம்மா என்று பெயர்தான் பெரிது. ஐம்பத்தேழு வயது வரை அவள் மூக்கில் ஒரு கண்ணாடி ஏறியதில்லை. இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ஊரில் பாதிப் பேரின் மூக்கு அவளுக்கு மனப்பாடம். யாருக்குக் கண்ணாடிச் சட்டம் சரிந்து விழும், யாருக்குக் காதோரம் உறுத்தும், யார் வாங்கின கண்ணாடியைப் பெட்டியில் பூட்டிவிட்டு எதிரே வருகிறவர் யாரென்று தெரியாமல் பொதுவாகச் சிரித்து வைப்பார், எல்லாம் தெரியும்.

"ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டுட்டு நீங்க மட்டும் தப்பிச்சிட்டீங்களே" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்தால், "பேக்கரி வச்சிருக்கிறவங்க எல்லாம் குண்டாவா இருக்காங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

இது அவளுடைய மாலை நேரத்துக் கதை. வசந்தம் பிறந்தால் முப்பது நாள், பகலெல்லாம் அவள் மலை உச்சியில் இருப்பாள். தெற்கிலிருந்து வடக்கே வலசை போகும் பருந்துகளும் வல்லூறுகளும் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். வெயில் ஏறினதும் பாறைச் சரிவிலிருந்து சூடான காற்று மேலே எழும். பறவைகள் அதில் ஏறிக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே வட்டமடித்து உயரத்துக்குப் போய், அங்கிருந்து வழுக்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடும். அவற்றை எண்ணி, கணக்கை ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறது ஒன்பது பேர் கொண்ட குழு. வருகிற பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று அங்கே பார்க்கிறார்கள்.

பறவையை எண்ணுவது என்ன பெரிய வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ஐம்பது பருந்து ஒரே காற்றில் சுற்றும். மேலே இருப்பது கீழே வரும், கீழே இருப்பது மேலே போகும். இந்தச் சுழற்சிக்குக் குழுவில் 'ராட்டினம்' என்று பெயர். ராட்டினம் சுற்றும்போது எண்ணக் கூடாது, எண்ணினால் ஒரே பருந்து நாலு பருந்தாகிவிடும். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரிசையாக வடக்கே வழுக்கும் பாருங்கள், அப்போதுதான் எண்ண வேண்டும். மற்றவர்கள் "அதோ, அதோ" என்று கை காட்டலாம், அவ்வளவுதான். எண்ணுவதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர். எண்ணுகிறவர் சொன்னதுதான் கணக்கு.

எண்ணுகிறவருக்கு என்று ஒரு இருக்கை உண்டு. பழைய பேருந்து ஒன்றை உடைத்தபோது அதன் சீட்டை நாலு பேர் சுமந்து உச்சிக்குக் கொண்டுபோய்ப் பாறையில் பதித்தார்கள். ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். அந்தக் கிழிந்த சீட்டில் கண்ணாடியம்மா பதினொரு வருடமாக உட்கார்ந்திருந்தாள். கையில் டிக்டிக் என்று அவர்கள் சொல்லும் சின்னக் கருவி. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் ஓர் எண் கூடும். மற்றவர்கள் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வெறும் கண்ணால் பார்த்து, "மூணு, ரொம்ப உயரத்துல" என்பாள். மலையில் அவளுக்கு இன்னொரு பட்டப்பெயர் உண்டு, கழுகுக்கண். வெளியே "சும்மா இருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் அவளுக்குத் தலைகால் புரியாது.

அவளுக்கு முன்னால் அந்தச் சீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு வசந்தத்தில் அவர் தூரத்தில் போன காக்காய்க் கூட்டத்தைப் பார்த்து "பதினாறு" என்றார். கண்ணாடியம்மா எல்லோர் முன்னாலும், "அண்ணே, நீங்க காக்காயை எண்ணிட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை. அவர் டிக்டிக்கை சீட்டின் மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். அப்புறம் மலை ஏறவே இல்லை. அதோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. இனிமேல் எண்ணுகிறவர் வருடா வருடம் கண் பரிசோதனைச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், கண் சரியில்லை என்றால் இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று ஒரு விதியையும் போட வைத்தாள். அவளே சொல்லிச் சொல்லி எழுத வைத்த விதி அது.

எழுதியது அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கை, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அதே வீட்டு மாடியில் இருப்பவள். சோடாபுட்டிக் கண்ணாடி, அதையும் கண்ணாடியம்மாதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். நாத்தனாரும் அண்ணியும் முப்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். சன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தொடங்கி, தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்குவதா கலந்துவிட்டுப் போடுவதா என்பது வரை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் இந்த வழக்குகளில் தீர்ப்புச் சொல்லாமல் காலத்தை ஓட்டிவிட்ட கெட்டிக்காரர். ஆனால் மலையில் மட்டும் இரண்டு பெண்களும் ஒரு சொல் கூடுதலாகப் பேச மாட்டார்கள். அண்ணி எண்ணைச் சொல்வாள், நாத்தனார் எழுதுவாள். கூர்மையான பென்சில், நேரான கட்டங்கள், அடித்தல் திருத்தல் கிடையாது.

இந்த வருடம் பருந்துகள் வாரிக் கொடுத்தன. இருபத்தொன்பதாம் நாள் முடிவில் கணக்கு ஆறாயிரத்து முந்நூற்றொன்று. ஆறு வருடத்துக்கு முன் வந்த ஆறாயிரத்து இருநூற்று நாற்பதுதான் அதுவரை உச்சம், அதைத் தாண்டியாயிற்று. குழுவில் ஒருவர் தாமதிக்காமல் பேக்கரியில் கேக் சொல்லிவிட்டார், மேலே எண் எழுதச் சொல்லி. கண்ணாடியம்மாவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. இடது இறக்கை சற்று மடங்கின ஒரு பருந்தை அவள் கண்டுபிடித்திருந்தாள். மேகம் வெளுத்த நாட்களில், மிக உயரத்தில், மெதுவாக, தன்னந்தனியாக வழுக்கும். "காயம் பட்டிருக்கும் போல, பாவம். ஆனா போயிடும், தைரியமான ஜென்மம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே மாதிரி ஆறு பருந்து இதுவரை போயிருந்தது. ஒரு குடும்பமாக இருக்கலாம் என்று ஒரு யூகமும் வைத்திருந்தாள். வேறு யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. பைனாகுலரைத் திருப்புவதற்குள் அவை மேகத்துக்குள் போய்விடும். கழுகுக்கண் என்றால் சும்மாவா என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் மாலை, மலையிலிருந்து இறங்கி, முகம் கழுவி, கடைக்குப் போனாள். ஒரு தையல்காரர் கவலையோடு வந்து நின்றார்.

"அம்மா, கண்ணு முன்னாடி ஒரு ஈ பறக்குது. அடிக்கப் போனா ஓடுது. வீட்டுல எல்லாரும் எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்கிறாங்க."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிப்போயிருந்தது. "பயப்படாதீங்க. வயசானா கண்ணுக்குள்ள இருக்கிற பசை மாதிரி ஒண்ணு அங்கங்க கட்டி கட்டியா ஆகும். அதோட நிழல் விழுறதுதான் உங்களுக்கு ஈயாத் தெரியுது. ஆனாலும் புதுசா வந்திருக்கிறதால டாக்டர் ஒரு தடவ பார்த்துடட்டும். வெளுப்பா இருக்கிற இடத்தைப் பார்த்தா நல்லாத் தெரியும். இதோ, இந்தச் சுவரைப் பாருங்க. கண்ணை அசைக்காம, என்னை மாதிரி."

எதிர்ச் சுவர் போன மாதம்தான் வெள்ளையடித்தது. குழல் விளக்கின் கீழ் பளிச்சென்று இருந்தது. தையல்காரர் பார்த்தார். கண்ணாடியம்மாவும் பார்த்தாள்.

குளிர்கண்ணாடி அடுக்கின் மேலே, கடிகாரத்துக்குச் சற்று இடப்பக்கம், இறக்கை மடங்கின பருந்து மெதுவாக வழுக்கிக்கொண்டு போனது.

அவள் கண்ணைத் திருப்பினாள். பருந்தும் திரும்பியது. கண்ணை நிறுத்தினாள். அது கொஞ்சம் தூரம் ஓடி, பிறகு அமைதியாக வடக்குப் பக்கமாக, கழிவறைக் கதவை நோக்கிக் கீழே இறங்கியது. பின்னாலேயே சின்னதாக இன்னும் இரண்டு.

"எனக்கு ரெண்டு ஈ தெரியுதும்மா" என்றார் தையல்காரர்.

கண்ணாடியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய ஈ, பருந்து எல்லாம் சுவரில் இருந்தன.

தையல்காரரை டாக்டரிடம் அனுப்பி, அவர் வெளியே வந்ததும் தானே உள்ளே போய் உட்கார்ந்தாள். கடையின் பின்னறையில் மாலையில் கண் பார்க்கும் இளம் டாக்டர், "என்னம்மா, போன மாசம்தான சர்டிபிகேட் வாங்கினீங்க, எல்லா வரியும் கடகடன்னு படிச்சீங்களே" என்றாள்.

"அந்த அட்டையை நான் தினமும் துணி போட்டுத் துடைக்கிறேன், டாக்டர். இருபத்திரண்டு வருஷமா."

டாக்டருக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று. கண்ணாடியம்மா பொய் சொல்லி ஏமாற்றவில்லை. கண் பார்ப்பதற்கு முன் வாய் சொல்லிவிடும், அவ்வளவுதான். பாட்டு மாதிரி ஆகிவிட்ட எழுத்துகள். டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து வேறு அட்டை ஒன்றை எடுத்து மாட்டினாள். இடது கண் சமாளித்தது. வலது கண் மூன்றாவது வரியிலேயே நொண்டியது. சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தாள்.

"கண்புரை ஆரம்பிச்சிருக்கு. அவசரம் இல்ல, அடுத்த மாசம் எடுத்துடலாம், சரியாயிடும். ஆனா அந்த மிதக்கிறது இருக்கே, அது மிதந்துட்டுதான் இருக்கும். ஆபத்து இல்ல. பழகிக்கணும்."

"அதை எண்ணாம இருக்கப் பழகணும்" என்றாள் கண்ணாடியம்மா. டாக்டருக்குப் புரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் தபால்காரர் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். மலை ஏறாவிட்டாலும் இந்தப் பதினொரு வருடத்தில் அவளை எங்கே பார்த்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. அவளும் உற்சாகமாகப் பதில் சொல்வாள். அது எவ்வளவு பெரிய மனதென்று அவளுக்கு அதுவரை உறைத்ததில்லை.

"இன்னைக்கு எத்தனை?"

"தெரியலண்ணே" என்றாள். பிறகு சொல்லிவிட்டாள். சுவர், பருந்து, அட்டை எல்லாவற்றையும். சொட்டு மருந்தில் கண் கூசி, அவர் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள்.

தபால்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரித்தால் நியாயம்தான். அவர் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் எண்ணினது பதினாறு காக்கா. அதுக்கு முந்தின நாள் எத்தனையோ, யாருக்குத் தெரியும். எல்லாம் இன்னும் அந்த நோட்டுல பருந்தாத்தான் உக்காந்திருக்கு. நான் இறங்கிப் போனேனே தவிர, அதை எடுத்துட்டுப் போகல. ரோஷம்." அவருடைய பேருந்து வந்தது. "நீ எடுத்துடு" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தபோது பேருந்து கிளம்பிவிட்டது. படியில் நின்ற அவரைப் பார்த்து, "அண்ணே, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று கத்தினாள். பேருந்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை மட்டும் அசைத்தார்.

எடுத்துவிடு என்று சொல்வது சுலபம். எதை எடுப்பது? எது வானத்துப் பருந்து, எது கண்ணுக்குள் இருந்த பருந்து? மொத்தக் கணக்கையும் தூக்கிப் போட்டால் எட்டுப் பேருடைய முப்பது நாள் போய்விடும். வாயை மூடிக்கொண்டால் கேக், கைதட்டல், புரை எடுத்த புதுக் கண்ணோடு அடுத்த வருடம் அதே சீட்டு. யாருக்கும் தெரியப் போவதில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அந்தக் கிழிந்த சீட்டுதான் கண்ணில் நின்றது. அதை விட்டு இறங்கினால், தான் வெறும் கண்ணாடிக் கடை அம்மாதான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைத் தன்னிடமே மறைக்க முடியவில்லை.

மாடியில் நாத்தனார் சன்னலை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அதைத் திறந்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாள் கண்ணாடியம்மா. இன்று திறக்கவில்லை. அதைப் பார்த்தே நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கணக்கு டீச்சரே, நோட்டை எடு. நான் எண்ணினதுல கொஞ்சம் பொய்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாத்தனார் நோட்டைக் கொண்டுவந்து மேசை விளக்கின் கீழ் விரித்தாள். நேரான கட்டங்கள், நேரான எண்கள். சில எண்களின் மூலையில் மட்டும் பென்சில் முனையால் ஒரு புள்ளி, பக்கத்தில் பொடி எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று. பைனாகுலர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் போலிருந்தது.

"இது என்ன?"

"நீங்க சொன்னதுல நான் பாக்காதது. முதல் வாரம் ஒத்துப்போச்சு, எட்டாவது நாள்ல இருந்து வச்சிட்டு வரேன். நூத்தி நாப்பத்தி மூணு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"சந்தேகம்தான். மழை மூடின நாள்ல உங்களுக்கும் எனக்கும் கணக்கு ஒத்துப்போகும். வெளுப்பு மேகம்னா நீங்க ஏழெட்டு கூடுதலா சொல்வீங்க. பருந்துக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாதே."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? தேநீருக்கு அரை மணி நேரம் சண்டை போடத் தெரியுது."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி சேலை நுனியால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "தபால்காரர் டிக்டிக்கை வச்சிட்டு இறங்கிப் போனப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், அண்ணி. அந்த முகத்தை உங்ககிட்ட பாக்க எனக்குத் தெம்பு இல்ல. கடைசி நாள் இதையெல்லாம் கழிச்சிட்டுதான் நோட்டை அனுப்பணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு இருபது நாளா ஒத்திகை பாக்குறேன். ஒண்ணும் சரியா வரல."

கண்ணாடியம்மா புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். தன் மேல் இருந்த கோபமும் இவள் மேல் பொங்கின பாசமும் ஒரே நேரத்தில் வந்ததால், என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தாள்.

"இந்த நூத்தி நாப்பத்தி மூணுல நிஜமானதும் இருக்கும்" என்றாள் நாத்தனார். "எனக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது."

"இருக்கட்டும். எல்லாத்தையும் கழி."

ஆறாயிரத்து நூற்று ஐம்பத்தெட்டு. கடைசி நாளில் எவ்வளவு வந்தாலும் நாற்பது ஐம்பதுதான். உச்சம் போயிற்று.

மறுநாள் காலை உச்சியில் ஒன்பது பேரும் கூடியதும், யாரும் கேக் பெட்டியைத் திறப்பதற்குள் கண்ணாடியம்மா சீட்டுக்கு முன்னால் நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "என் கண்ணுக்குள்ள இருந்த பருந்தையும் சேர்த்து எண்ணிட்டேன். நூத்தி நாப்பத்தி மூணைக் கழிச்சாச்சு. விதிப்படி நான் இறங்குறேன்." கழிவறைக் கதவு வரை போன பருந்தைப் பற்றியும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் நல்ல கதையை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது, எல்லோருக்கும் தொற்றியது, அவளுக்கும்தான். கேக் மேல் இருந்த எண்ணைக் கத்தியால் வழித்தெடுத்தார்கள். வழித்த கிரீமை யார் சாப்பிடுவது என்று ஒரு சச்சரவு நடந்தது.

அதே கையோடு, அந்தப் பழைய வருடத்து நோட்டை எடுத்து வரச் சொல்லித் தபால்காரரின் பதினாறையும் கழித்துவிடலாம் என்றாள். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அவரையே மேலே கூட்டி வந்து செய்ய வேண்டும் என்று நாத்தனார் சொன்னாள். மெதுவாக ஏறினால் ஏறிவிடுவார் என்று முடிவாயிற்று.

மீதி இருந்தது சீட்டு. டிக்டிக்கை நாத்தனாரின் கையில் திணித்தாள் கண்ணாடியம்மா.

"நானா? சோடாபுட்டி போட்டவளா?"

"உன் கண்ணாடி நான் பார்த்துக் கொடுத்தது. அதுல தப்பு வராது. உக்காரு."

நாத்தனார் சீட்டின் ஓரத்தில், அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தாள். கண்ணாடியம்மா பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பாறை குத்தியது. பென்சில் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, மேலே ஒன்று வரும்போது அதைச் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை. கேக் ரொம்பத் தித்திப்பு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மதியம் தாண்டி, மேகம் வெளுத்து வந்த நேரத்தில் தென்சரிவிலிருந்து ஒரு ராட்டினம் கிளம்பியது. சுற்றிச் சுற்றி ஏறியது. உச்சியில் முதல் பருந்து பிரிந்து வடக்கே வழுக்கியது. டிக். அடுத்தது. டிக். நாத்தனாரின் கட்டைவிரல் நிதானமாக வேலை செய்தது. கடைசிப் பறவை தலைக்கு மேல் கடந்ததும் அவள் மூச்சு விட்டாள்.

"பதினொண்ணு, அண்ணி."

கண்ணாடியம்மாவுக்குப் பன்னிரண்டு தெரிந்தது. பன்னிரண்டாவது எல்லாவற்றுக்கும் பின்னால், மிக உயரத்தில், இடது இறக்கையைச் சற்று மடக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை நோட்டுக்குத் தாழ்த்தினாள். அதுவும் கூடவே இறங்கி வந்து, கட்டங்கள் போட்ட வெள்ளைத் தாளின் மேல் நின்றது.

அதைச் சுற்றி எழுத இடம் இருந்தது. பதினொன்று என்று எழுதினாள்.